மழை விட்ட பிறகு எப்ப உள்ள வாறது?

கொட்டுற மழையில் கார் ஓட்டுவது ஒரு வகையில் சுலபம். எல்லாருக்கும் ஒரே பிரச்சினை, எல்லாரிட்டயும் ஒரே மாதிரி டயர். மெதுவாப் போ, வெள்ளைக் கோட்டில் ஏறாதே, முன்னுக்குப் போறவனின் தண்ணிப் புகாருக்குள் கண்ணை மூடிக்கொண்டு பிரேக் பிடிக்காதே. அவ்வளவுதான். கஷ்டம் தொடங்குவது மழை விட்ட பிறகு.

நான் சொல்வது உண்மையான காரை இல்லை. மேசையில் இறுக்கிப் பூட்டிய ஸ்ரியறிங், சுவரோடு முட்டுக்கொடுத்து வைத்த பெடல், ஒரு கணினி. சிம் ரேசிங். "கேம் விளையாடுறான்" என்றுதான் வீட்டில் சொல்லுவார்கள். நானும் மறுப்பதில்லை. ஆனால் இந்தக் கேமில் நான் எடுத்த ஒரு முடிவு, சரியாகச் சொன்னால் எடுக்காமல் விட்ட ஒரு முடிவு, கொஞ்சக் காலமாக மனதைக் குடைந்துகொண்டே இருந்தது. அதைப் பற்றித்தான் இது.

நானும் ஒரு நண்பனும் அசெட்டோ கோர்சா கொம்பெடிசியோனே ஓடுகிறோம். இத்தாலியின் கூனோஸ் சிமுலாசியோனி நிறுவனம் 2019 இல் முழுமையாக வெளியிட்டது. ஜிடி3 கார்கள்தான் அதில் முக்கியம். மழையை நன்றாகச் செய்திருக்கிறார்கள். தண்ணி தேங்கும், கார்கள் ஓட ஓட ஓடுபாதைக் கோடு மட்டும் முதலில் காயும், கோட்டை விட்டு விலகினால் ஈரம் அப்படியே இருக்கும். இரண்டு பேர் ஒரு காரைப் பகிர்ந்து ஓடும் 90 நிமிசப் போட்டிகளில் நாங்கள் சேருவோம். முதல் பாதி அவன், இரண்டாம் பாதி நான். அவன் ஓடும்போது நான் டிஸ்கோர்டில் குரல் வழியாக அவனுக்கு எஞ்சினியர். எப்ப பிட்டுக்குள் வருவது, என்ன டயர் போடுவது என்று சொல்வது என் வேலை.

முதல் சம்பவம் சில்வர்ஸ்ரோனில் நடந்தது. தொடக்கத்திலேயே நல்ல மழை. நண்பன் 22ஆம் இடத்தில் தொடங்கினான். மழையில் அவனைப்போல் ஓட ஆளில்லை. ஒருவரோடும் முட்டாமல், ஒரு தரமும் சுழலாமல், 40 நிமிசத்தில் 6ஆம் இடத்துக்கு வந்துவிட்டான். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவனும் கதைக்கவில்லை. ஹெட்போனில் அவன் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு மழை விட்டது.

"மச்சான், காயுது போல கிடக்கு. என்ன செய்வம்?"

"பொறு, இன்னும் ஒரு சுற்றுப் பாப்பம்."

அடுத்த சுற்று. "பின்பக்கம் வழுக்குது. வெட் டயர் கொதிக்குது. உள்ள வரட்டோ?"

"முன்னுக்குப் போறவன் இன்னும் வரேல்ல. அவன் வரட்டும்."

அவன் வந்தது மூன்று சுற்றுக்குப் பிறகு. நாங்கள் அதற்கும் அடுத்த சுற்றில் வந்தோம். நான் காரை எடுத்து வெளியே வந்தபோது 13ஆம் இடம். நண்பன் 40 நிமிசம் பாடுபட்டுப் பிடித்த இடங்களில் பாதியை, ஒருவரோடும் மோதாமல், ஒரு பிழையும் விடாமல், நான் காத்திருந்தே தொலைத்துவிட்டேன். போட்டி முடிந்ததும் அவன் "பரவாயில்ல மச்சான், வானம் சரியில்ல" என்றான். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்றைக்கு என்ன பிழை விட்டேன் என்று விளங்க, டயரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

ஸ்லிக் டயரில் வெட்டுக் கோடுகளே இல்லை. வழுவழுப்பானது. காய்ந்த தரையில் முழு றப்பரும் தரையைப் பிடிக்கும். தண்ணியில் அது மிதக்கும், கார் சறுக்கிக்கொண்டு போகும். வெட் டயரில் ஆழமான வெட்டுக்கள். அவை தண்ணியை அள்ளி வெளியே எறியும். ஃபோர்முலா 1 இல் பிரெல்லியின் முழு மழை டயர் ஒன்று 300 கிலோமீற்றர் வேகத்தில் செக்கனுக்கு ஏறத்தாழ 85 லீற்றர் தண்ணியை வெளியேற்றும் என்று அந்த நிறுவனமே சொல்கிறது. அந்த வெட்டுக்களுக்கு நடுவில் நிற்கும் றப்பர்க் கட்டைகள் மென்மையானவை. அவற்றைக் குளிராக வைத்திருப்பது தண்ணிதான். தண்ணி போனால் கட்டைகள் வளைந்து நெளிந்து சூடேறிப் பிய்யத் தொடங்கும். அதனால்தான் காயும் பாதையில் மழை டயரோடு நிற்பவர்கள் நேர்ப்பாதையில் வேண்டுமென்றே ஓரத்துக்குப் போய் ஈரத்தைத் தேடி ஓடுவார்கள். ரிவியில் பார்க்கும்போது விசர் மாதிரி இருக்கும். டயருக்குத் தண்ணி காட்டுகிறார்கள்.

ஃபோர்முலா 1 இல் இவை இரண்டுக்கும் நடுவில் இன்ரர்மீடியட் என்று இன்னொரு டயர் உண்டு, பச்சை நிறக் கோடு போட்டது. நாங்கள் ஓடும் ஜிடி3 இல் நடுவில் ஒன்றும் இல்லை. ஒன்றில் வெட், இல்லாவிட்டால் ஸ்லிக். பாதை மெல்ல மெல்லத்தான் காயும், ஆனால் நீ ஒரே பாய்ச்சலில் மாறவேண்டும்.

அந்தப் பாய்ச்சலை எப்ப பாய்வது? கணக்கு எளிது. காயக் காய ஸ்லிக்கின் சுற்று நேரம் குறைந்துகொண்டு வரும். வெட்டின் நேரம் முதலில் குறைந்து, பிறகு சூடேறி மெல்லக் கூடும். இரண்டும் சந்திக்கும் சுற்றுத்தான் மாறவேண்டிய சுற்று. ஆனால் நீ ஓடிக்கொண்டிருப்பது ஒரு டயரில். மற்றது என்ன நேரம் தரும் என்று உனக்குத் தெரியாது. மாறிப் பார்த்தால் தெரியும். மாறிய பிறகு தெரிந்து என்ன பிரயோசனம்?

இந்த இடத்தில் பெரிய ஆட்களே சறுக்கியிருக்கிறார்கள். 2007 இல் சீனாவின் ஷங்ஹாய். லூயிஸ் ஹமில்ரன் அப்போது முதல் வருடப் பெடியன். இரண்டாம் இடத்தில் இருந்த அலொன்சோவைவிட 12 புள்ளி முன்னுக்கு நின்றார். பாதை காய்ந்துகொண்டிருந்தது. தேய்ந்துபோன இன்ரர்மீடியட்டோடு அவரை வெளியிலேயே வைத்திருந்தார்கள். கடைசியில் உள்ளே கூப்பிட்டபோது டயரில் ஒன்றும் மிச்சமில்லை. பிட் வாசல் வளைவில் கார் நேராகப் போய்ச் சரளைக் கல்லில் புதைந்து நின்றது. அந்த வருடச் சாம்பியன் பட்டம் ஒரே ஒரு புள்ளியால் றைக்கொனனிடம் போனது.

முந்தினால் என்ன நடக்கும் என்பதற்கும் ஆள் இருக்கிறது. 2021 துருக்கிப் போட்டி. நாலு தரம் உலகச் சாம்பியனான வெற்றல் ஈரப் பாதையில் துணிந்து ஸ்லிக் போட்டுப் பார்த்தார். பாதை முழுக்க வழுக்கி வழுக்கி, ஒரு சுற்றிலேயே திரும்பி உள்ளே வந்து மழை டயருக்கு மாறினார். மற்றவர்கள் அவரைப் பார்த்துவிட்டு ஸ்லிக் எண்ணத்தைக் கைவிட்டார்கள். ஒருவரின் நட்டம் மற்ற எல்லாருக்கும் இலவசத் தகவல்.

ஆனால் எனக்குக் கண்ணைத் திறந்தது 2021 ஹங்கேரிதான். முதல் சுற்று விபத்துக்குப் பிறகு போட்டியை நிறுத்தி, திரும்பத் தொடங்கினார்கள். தொடங்குவதற்கு முந்தின சுற்றில் வெயில் எறித்துப் பாதை காய்ந்துவிட்டது. ஹமில்ரன்தான் முன்னுக்கு. பிட் வாசலை முதலில் கடந்ததும் அவர்தான். அவர் நேரே போனார். பின்னால் வந்த அத்தனை பேரும் உள்ளே திரும்பி ஸ்லிக்குக்கு மாறினார்கள். தொடக்கக் கோட்டில் ஒரே ஒரு கார் தனியாக நின்றது. சிவப்பு விளக்குகள் அணைந்தன, அவர் தனியே புறப்பட்டார். ஒரு சுற்றில் உள்ளே வந்து கடைசி ஆளானார். பிறகு அங்கிருந்து ஓடி மேடை ஏறினார் என்பது வேறு கதை.

அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். சில்வர்ஸ்ரோனில் நான் யாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்? முன்னுக்குப் போறவனை. ஏன்? அவன் கெட்டிக்காரன், அவன் செய்வது சரியாக இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் அவனுக்கு 20 செக்கன் இடைவெளி கையில் இருந்தது. இரண்டு சுற்றுப் பிந்தினாலும் அவனுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. முந்தி வந்து சுழன்றால் எல்லாம் போய்விடும். ஆகவே அவன் காத்திருந்தது அவனுக்குச் சரி. எங்களுக்குப் பின்னால் 10 செக்கனுக்குள் ஏழு கார். நாங்கள் அவன் முடிவை இரவல் வாங்கினோம், அவனிடம் இருந்த இடைவெளி எங்களிடம் இருக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு, சொல்லக் கொஞ்சம் வெட்கம். முன்னுக்குப் போறவனைப் பார்த்துச் செய்தால், பிழைத்தாலும் அது என் பிழை இல்லை. "அவனே வரேல்ல, நாங்கள் எப்பிடி வாறது?" என்று சொல்லலாம். நான் காத்திருந்தது பாதை காய்வதற்காக இல்லை. அந்தச் சாட்டுக்காக.

அடுத்த மாதம் ஸ்பா. பெல்ஜியத்தின் ஆர்டென் காட்டுக்குள் ஓடும் 7.004 கிலோமீற்றர் பாதை. காலநிலைப் பெட்டியில் இப்போது நடுத்தர மழை, 10 நிமிசத்தில் தூறல், 30 நிமிசத்தில் மழை இல்லை என்று காட்டியது. திரும்பவும் அதே பரீட்சை. கட்டாய பிட் ஒன்று, அதை 30ஆம் நிமிசத்துக்கும் 60ஆம் நிமிசத்துக்கும் இடையில் எடுக்கவேண்டும். பிட்டுக்குள் போய் டயர், எரிபொருள், ஆள் எல்லாம் மாற்றி வர எங்களுக்குக் கிட்டத்தட்ட ஒரு நிமிசம் போகும். பிழையான டயர் போட்டால் இன்னொரு நிமிசம். ஸ்பாவில் மழைக்குள் ஒரு சுற்று இரண்டரை நிமிசம். அப்படியென்றால் அந்த 30 நிமிசத்துக்குள் பிட் வாசலை மொத்தம் பன்னிரண்டு தரம்தான் கடப்போம். பன்னிரண்டு தரம் கேள்வி வரும். ஒவ்வொரு தரமும் "இன்னும் ஒரு சுற்று" என்று சொன்னால் இன்னும் 7 கிலோமீற்றர்.

போட்டிக்கு முதல் நாள் இரவு நண்பனிடம் சொன்னேன். "இந்தமுறை முன்னுக்குப் போறவனைப் பாக்கிறேல்ல. பின்னுக்குப் போறவனைப் பாப்பம்."

"விளங்கேல்ல."

"கடைசியில ஓடுறவனுக்கு இழக்க ஒண்டுமில்ல. அவன்தான் முதல்ல ஸ்லிக் போட்டுப் பாப்பான். அவன்ர நேரத்தை நான் பாத்துக்கொண்டிருப்பன்."

வெளியே வந்த முதல் சுற்றைப் பார்க்கக்கூடாது, அதில் டயர் குளிர், எல்லாரும் மெதுவாகத்தான் போவார்கள். அதற்கடுத்த சுற்றைப் பார்க்கவேண்டும். அதிலும் முழு நேரத்தை இல்லை, பகுதி பகுதியாக. ஸ்பாவின் முதல் பகுதியில் நீண்ட கெமல் நேர்ப்பாதை இருக்கிறது, அங்கே அரைகுறையாகக் காய்ந்தாலே ஸ்லிக் ஓடும். உண்மை தெரிவது நடுப் பகுதியில்தான். ரிவாஜ், பூஹோன் என்று இறக்கத்தில் வரும் வளைவுகள். அங்கே ஸ்லிக்காரன் எங்கள் நேரத்துக்குச் சமனாக வந்தால், அந்தச் சுற்று முடிவில் உள்ளே வருவது. விவாதம் இல்லை. இப்படி எழுதி மேசைக்கு முன்னால் ஒட்டி வைத்தேன். போட்டி நடக்கும்போது எனக்குப் பயம் வரும் என்று எனக்குத் தெரியும். பயம் வரமுதலே முடிவை எடுத்து வைத்துவிடவேண்டும்.

இரண்டாவது விசயம் காற்றழுத்தம். இந்த கேமில் இப்போது ஸ்லிக் சூடான பிறகு 26க்கும் 27க்கும் இடையில் நிற்கவேண்டும், வெட் 30ஐ ஒட்டி. ஈரத் தரை ஸ்லிக்கைக் குளிர வைக்கும், குளிர்ந்தால் அழுத்தம் இறங்கும், இறங்கினால் கார் வாழைப்பழத் தோலில் நிற்கிற மாதிரி. ஆகவே கொஞ்சம் கூட்டிப் போடவேண்டும். ஆனால் பாதை காய்ந்து சூடேறும்போது அதே டயர் எல்லையைத் தாண்டி வீங்கும். முதல் ஐந்து நிமிசத்துக்காகப் போடுவதா, கடைசி அரை மணித்தியாலத்துக்காகப் போடுவதா? நான் 1 கூட்டுவது என்று முடிவெடுத்தேன். சுழன்று சுவரில் அடித்தால் கடைசி அரை மணித்தியாலமே இல்லையே.

போட்டி தொடங்கியது. நண்பன் வழக்கம்போல் மழைக்குள் மீன். 15ஆம் இடத்திலிருந்து 8ஆம் இடம். 32ஆம் நிமிசம் மழை விட்டது. என் வயிற்றுக்குள் அதே பழைய கலக்கம். 38ஆம் நிமிசம் கடைசிக்கு முந்தின கார் உள்ளே போய் ஸ்லிக்கோடு வந்தது. முதல் சுற்று பரிதாபம். அடுத்த சுற்று நேர்ப்பாதையில் எங்களுக்குச் சமன், நடுப் பகுதியில் மூன்று செக்கன் பிந்தல்.

"என்னவாம்?" என்றான் நண்பன்.

"இன்னும் இல்ல. இந்தச் சுற்றுப் பொறு." சில்வர்ஸ்ரோனிலும் இதே சொற்களைத்தான் சொன்னேன். இந்தமுறை எதற்காகப் பொறுக்கிறோம் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

அடுத்த சுற்று. நடுப் பகுதி நேரம் வந்தது. ஸ்லிக்காரன் எங்களைவிட பத்திலொரு பங்கு செக்கன் வேகம். முன்னுக்குப் போன ஏழு பேரில் ஒருவரும் இன்னும் உள்ளே வரவில்லை. மேசைக்கு முன்னால் கடதாசி. தொண்டை காய்ந்துவிட்டது.

"உள்ள வா. ஸ்லிக். நாலுக்கும் ஒண்டு கூட்டு."

"முன்னுக்கு ஒருத்தனும் வரேல்லயே?"

"ஓம். நீ வா."

அவன் வந்தான். நான் ஏறினேன். பிட்டை விட்டு வெளியே வந்தவுடன் ஓ ரூஜ். இறக்கத்தில் இறங்கி ஏற்றத்தில் திரும்பவேண்டும், குளிர்ந்த ஸ்லிக்கோடு, இன்னும் கறுப்பாக மினுங்கும் தாரில். காய்ந்த கோடு ஒரு கார் அகலம்தான். மழை நேரம் மோட்டார்சைக்கிளில் பாதசாரிக் கடவையின் வெள்ளைக் கோட்டில் பிரேக் பிடித்தவர்களுக்குத் தெரியும் அந்த உணர்வு, முதுகுத் தண்டால் ஒன்று ஏறும். பூஹோனில் ஒரு சக்கரம் ஈரத்தில் பட்டது. கார் குறுக்கே போனது. எப்படியோ பிடித்தேன். நாலு செக்கன் போனது. "பரவாயில்ல, பரவாயில்ல, கோட்டில நில்" என்று நண்பன் சொல்லிக்கொண்டே இருந்தான். இப்போது அவன் எனக்கு எஞ்சினியர்.

மற்றவர்கள் இரண்டு சுற்றுக்குப் பிறகு வரத் தொடங்கினார்கள். அவர்கள் வெளியே வரும்போது என் டயர் சூடாகியிருந்தது. எல்லாரும் வந்து முடிந்தபோது நாங்கள் 4ஆம் இடம்.

இதோடு முடிந்திருந்தால் நல்ல கதை. ஆனால் கடைசி 20 நிமிசத்தில் பாதை முழுக்கக் காய்ந்துவிட்டது. நான் கூட்டச் சொன்ன அந்த 1 இப்போது திரும்பி என்னைக் கடித்தது. அழுத்தம் 28ஐத் தாண்டியது. ஒவ்வொரு வளைவிலும் பின்பக்கம் மிதந்தது. எங்களுக்குப் பிறகு உள்ளே போய், காய்ந்த பாதைக்கென்று அளவாகப் போட்டுக்கொண்டு வந்த ஒருவன் கடைசிக்கு முந்தின சுற்றில் என்னைக் கடந்து போனான். 5ஆம் இடம்.

ஸ்ரியறிங்கை விட்டுவிட்டுக் கையை உதறிக்கொண்டிருந்தேன். நண்பன் தொடங்கினான்.

"மச்சான், அழுத்தம் கூடிப்போச்சு. அரைதான் கூட்டியிருக்கோணும்."

"அரை எண்டால் முதல் சுற்றில சுவரில நிண்டிருப்பன்."

"இல்ல, நீ பூஹோனில கோட்டை விட்டிட்டாய், அதுக்கும் அழுத்தத்துக்கும் சம்பந்தமில்ல. ரீப்ளே போடு, காட்டுறன்."

நடுச்சாமம் தாண்டி ஒரு மணித்தியாலம் ரீப்ளேயை நிறுத்தி நிறுத்திச் சண்டை பிடித்தோம். சில்வர்ஸ்ரோனுக்குப் பிறகு அவன் "பரவாயில்ல" என்று மட்டும் சொன்னதன் காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. அன்றைக்குச் சண்டை பிடிக்க ஒன்றுமே இருக்கவில்லை. நான் ஒரு முடிவும் எடுத்திருக்கவில்லை.

அடுத்த போட்டிக்கும் மழை காட்டுகிறது. மேசைக்கு முன்னால் இருந்த கடதாசியில் 1 ஐ வெட்டிவிட்டு அரை என்று எழுதியிருக்கிறேன். அவன் கையெழுத்துப் போடச் சொல்லிக் கேட்கிறான்.